ஆறு இருக்கை உள்ள கடை

நிஷிகசாய், டோக்கியோ
செப்டம்பர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நான் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆவணி வரை பதில் போடாமல் இருந்தது பெரிய தவறு. கண்ணாடிக்காரனின் அம்மா தவறிய செய்திகூட உன் வழியாகத்தான் தெரிந்தது, அதற்கும் ஒரு வரி எழுதவில்லை. மன்னித்துக்கொள். ஆனால் இன்று உட்கார்ந்து எழுதுவதற்கு வேறொரு தவறு காரணம். அதை முழுவதுமாகச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான், ஏனென்றால் நீ மீன் விற்பவன், அதன் நடுவில் இருப்பதும் மீன்.

"பச்சை மீன் தின்னி" என்று நீ எனக்குப் பெயர் வைத்து எத்தனை வருடம் ஆகிறது? ஊருக்கு வரும்போதெல்லாம் கோஷ்டியைக் கூட்டி வைத்துக்கொண்டு, பூனையும் கொக்கும் செய்கிற வேலைக்கு இவன் காசு கொடுக்கிறான் என்று நீ பேசும் பேச்சுக்கு என்னிடம் இத்தனை நாளும் பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. பொறுமையாகப் படி, நடுவில் எழுந்து ஏலக்கூடத்துக்குப் போய்விடாதே.

என் வீட்டு உரிமையாளர் கிபாவில் மரக்கடை வைத்திருந்தவர். ஜூன் மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், "இத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறாய், ஒரு நாளாவது சுஷி சாப்பிட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். வினிகர் சேர்த்த சோற்றைச் சின்னக் கவளமாகப் பிடித்து மேலே மீன் வைப்பதுதான் சுஷி. பட்டையில் சுற்றி வரும் தட்டுகளை எடுத்துச் சாப்பிடும் கடைகளுக்குத்தான் நான் போயிருக்கிறேன் என்று சொன்னதும், ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் நிலையத்திலிருந்து தோசாய் ரயிலில் நான்காவது நிறுத்தம் மோன்சென்-நகாச்சோ. ஃபுகாகவா என்று பழைய பெயர் சொல்லும் பகுதி அது; ஒரு காலத்தில் மீனவர்களும் மரத் தொழிலாளர்களும் நிறைந்திருந்த இடம். கோயில் தெருவைத் தாண்டி, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து ஒன்றில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு மரக் கதவு. நீலத் துணித் திரையை விலக்கி உள்ளே போனால், ஹினோக்கி மரத்தில் இழைத்த ஒரே நீளப் பலகையும் ஆறு இருக்கைகளும் மட்டுமே இருக்கின்றன. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், அவருடைய மனைவி தேநீர் ஊற்றுகிறார். உணவுப் பட்டியல் கிடையாது, மீனை அடுக்கிக் காட்டும் கண்ணாடிப் பெட்டியும் கிடையாது. இந்த முறைக்கு ஒமகாசே என்று பெயர். "உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்" என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். என்ன வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது என்பதில்லை, சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான்.

முதலில் வைத்தது தட்டை மீன் ஒன்று. ஆனால் அது பச்சையாக இல்லை. கொம்பு என்னும் கடற்பாசியின் இரண்டு ஏடுகளுக்கு நடுவில் அதை வைத்து மூடி, மீனின் நீரைப் பாசியும் பாசியின் சாரத்தை மீனும் வாங்கிக்கொள்ளும்படி முந்தைய நாளே தயார் செய்திருந்தார். அடுத்து கொஹாதா. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மத்திக்கு உறவான, உள்ளங்கை நீளம்கூட வராத, முள் நிறைந்த மலிவான மீன் அது. நம் ஊரில் கூடையின் அடியில் கிடந்தால் நீ திரும்பியும் பார்க்க மாட்டாய். அதை வயிற்றுப் பக்கமாகப் பிளந்து விரித்து, உப்புத் தூவி, கழுவி, வினிகரில் ஊறவைத்து, பிறகு ஓரிரு நாள் ஆறவிட்டுத்தான் பரிமாறுகிறார்கள். உப்பில் எத்தனை நிமிடம் இருக்க வேண்டும் என்பது மீனின் அளவையும் கொழுப்பையும் அன்றைய வெக்கையையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். சில நிமிடம் கூடினால் கரிக்கும், குறைந்தால் வாடை அடிக்கும். கருவாட்டுக்கு உப்புப் போடும்போது உன் ஆச்சி வானத்தைப் பார்த்துவிட்டுக் கையளவை மாற்றுவாளே, அதே கணக்கு. ஒரு கடையின் தரத்தை அறிய கொஹாதாவைச் சாப்பிட்டுப் பார் என்று இங்கே சொல்வார்கள். அந்த ஒரு கவளத்தை வாயில் போட்டதும், இத்தனை வருடம் நான் சுஷி என்று சாப்பிட்டது என்ன என்ற கேள்வி வந்துவிட்டது.

அதன் பிறகு வந்த எதுவும் வெறும் பச்சை மீன் இல்லை, மாப்பிள்ளை. சூரை மீனின் சிவந்த சதையைச் சோயா சாற்றில் ஊறவைத்திருந்தார். இறாலை அவித்திருந்தார். கடல் விலாங்கை வாயில் கரையும்படி வேகவைத்து, அது வெந்த நீரையே பாகாகக் காய்ச்சி மேலே தடவினார். முட்டையில் இறால் விழுதையும் ஒருவகைக் கிழங்கையும் அரைத்துச் சேர்த்து, கேக் போலச் சுட்டிருந்தார். இப்படி மீன்மேல் செலுத்தும் உழைப்பை இவர்கள் 'ஷிகோத்தோ' என்கிறார்கள். 'வேலை' என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு ஆடம்பரம் எதுவும் இல்லை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில், 'எதோ' என்று அன்று பெயர் கொண்டிருந்த இந்த டோக்கியோ நகரத்து மீனைக் கெடாமல் வைத்திருக்கப் பிறந்த வேலைகள் அவை. 1820களில், இங்கிருந்து சுமிதா ஆற்றை ஒட்டி மேலே போனால் வரும் ரியோகொகுவில், ஹனாயா யோஹெய் என்பவர் கையால் பிடித்த சுஷியை விற்றுப் பெயர் பெற்றார். அன்று அது தெருவோரத் தள்ளுவண்டிக் கடையில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகிற உழைப்பாளிகளின் தீனி, ஒரு கவளம் இன்றைய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். டோக்கியோவின் ஆடம்பரப் பகுதியான கின்சாவில் இன்று அதே பண்டத்துக்கு 30,000 யென்னுக்கு மேல் வாங்குகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. இந்தக் கடையில் எனக்கு ஆனது 14,000 யென். அதுவும் சின்னத் தொகை இல்லைதான், அதனால் மாதம் ஒரு முறைதான் போகிறேன்.

சோற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீ என்னை மன்னித்தாலும் தங்கச்சி மன்னிக்க மாட்டாள். அது வெள்ளையாக இல்லை, இளம் பழுப்பாக இருந்தது. சாகே என்னும் அரிசி மதுவை வடித்த பிறகு மிஞ்சும் கசடைப் பழைதாக்கி எடுக்கும் சிவப்பு வினிகரைச் சேர்ப்பதால் வரும் நிறம் அது. 1804இல் ஹண்டா என்னும் ஊரில், நகானோ மதசாயெமோன் என்ற சாகே வியாபாரி இந்தக் கசடு வினிகரைச் செய்யத் தொடங்கினார். அரிசி வினிகரைவிட மலிவாக இருந்ததால் அது கப்பலேறி எதோவுக்கு வந்து, தள்ளுவண்டிக்காரர்களின் சோற்றில் கலந்தது. சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதால் அவர் அதை வைக்கோல் கூடைக்குள் மரத் தொட்டியில் மூடி வைத்திருக்கிறார். இந்தச் சோற்றுக்கு ஷாரி என்று பெயர். ஏன் தெரியுமா? புத்தரின் உடல் எச்சங்களை ஜப்பானியர் ஷாரி என்பார்கள். வெண்மையான சோற்றுப் பருக்கைகள் அவற்றை நினைவூட்டியதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல் சமஸ்கிருத 'சரீர'த்திலிருந்து சீனம் வழியாக இங்கே வந்தது. நாம் சரீரம் என்று சொல்கிற அதே சொல்தான்! வீட்டுக்காரர் இதை விளக்கியபோது நான் எங்கள் மொழியிலும் அந்தச் சொல் உண்டு என்றேன். கடைக்காரர் கையை நிறுத்திவிட்டு, "சரீரம், சரீரம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை நம்முடையது.

இன்னொன்றும் நடந்தது. முதல் மூன்று கவளங்களை நான் இடது கையால் எடுத்ததை அவர் கவனித்திருக்கிறார். நான்காவதிலிருந்து ஒவ்வொன்றையும் இடது கைக்கு வாகாகச் சாய்த்து வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜூலையில் நான் மறுபடி போனபோது முதல் கவளமே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. இடது கையால் சோற்றைத் தொட்டதற்காக நான் அடி வாங்கிய நாட்கள் உனக்குத் தெரியும். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அவர் விடியுமுன் மிதிவண்டியில் தொயோசு சந்தைக்குப் போகிறார். 1935 முதல் இருந்த த்சுகிஜி சந்தையை 2018 அக்டோபரில் மூடி அங்கே மாற்றினார்கள். இடம் மாறினாலும் அவர் மீன் வாங்கும் வியாபாரிகள் மாறவில்லை. நான் எதிர்பார்த்தது உன்னைப்போல ஒருவரை: செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்தி, விலையில் சண்டை போடுகிற ஆளை. அவரோ சூரை வியாபாரியிடம் போய், "இன்று எனக்கு எது?" என்று மட்டும் கேட்பாராம். அந்த வியாபாரிக்கு அவருடைய சோற்றின் புளிப்பு தெரியும், அதற்கு ஏற்ற துண்டை எடுத்து வைத்திருப்பார். நாம் இவரிடம் விடுகிறோம், இவர் அவரிடம் விடுகிறார். திரேஸ்புரத்தில் உன் அப்பா, எடை பார்க்காமல் கூடை வாங்கியது அந்த ஒரே ஒரு வள்ளத்துக்காரரிடம்தான் என்று நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

போருக்குப் பிறகு அரிசிப் பஞ்சம் வந்தது. 1947இல் உணவகங்களையெல்லாம் மூடச் சொல்லி அரசு ஆணை போட்டபோது டோக்கியோவின் சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள்: வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி, அதாவது நம் கணக்கில் 150 கிராம், கொண்டுவந்து கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகப் பத்துக் கவளம் செய்து தருவது. இவருடைய தந்தை அந்த நாட்களில் கடை நடத்தியவர். துணியில் முடிந்து வந்த அரிசியை அவர் அளந்து பார்த்ததே இல்லை என்று இவர் சொன்னார்.

இனி என் தவறுக்கு வருகிறேன். ஜூலையில் கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: கடையின் பெயரையும் படத்தையும் எங்கும் போட வேண்டாம். சரி என்று தலையாட்டினேன். நான்கு நாள் கழித்து, அலுவலகத்தில் மதிய உணவின்போது, ஆர்வத்தை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒருவரிடம் சொல்லிவிட்டேன், பெயர், சந்து, தொலைபேசி எண் உட்பட. அவர் என் பெயரைச் சொல்லி இடம் பிடித்து, போய்ச் சாப்பிட்டு, மகிழ்ச்சியில் பதினைந்து படங்களை வரைபடத்தோடு இணையத்தில் ஏற்றிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, அந்தக் கோரிக்கையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அதன் பிறகு அந்தக் கடையின் தொலைபேசி ஓயவில்லை. எடுப்பவர் அவரேதான், உதவிக்கு ஆள் கிடையாது. அழைப்புகள் வருவது பிற்பகல் மூன்று மணி வாக்கில், கொஹாதா உப்பில் கிடக்கிற நேரத்தில். ஒரு நாள், ஆங்கிலத்தில் பேசிய யாருக்கோ இடமில்லை என்று புரியவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்த மீன் முழுவதையும் அவர் பரிமாறவில்லை. அன்று இரவு வந்த ஆறு பேருக்கும் கொஹாதா இல்லை. நாற்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை என்று வீட்டுக்காரர் என்னிடம் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படங்களை அந்த அலுவலக நண்பர் உடனே நீக்கிவிட்டார், ஆனால் அதற்குள் வேறு பலர் எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் எனக்குக் குறித்திருந்த நாளன்று, கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்த் திரைக்கு வெளியே நின்றேன். அவர் கதவைத் திறந்ததும் தலை குனிந்து நடந்ததைச் சொன்னேன். பெயரை வெளியே விட்டது நான்தான் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "தொலைபேசியை மாடிக்கு மாற்றிவிட்டோம், இனி அவள் எடுப்பாள்" என்றார். பிறகு, மழை வரும்போல இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்றார். அன்று அவர் முதலில் வைத்தது ஷின்கோ, அதாவது கோடையில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் கொஹாதாவின் குஞ்சு. ஒரு கவளத்துக்கு மூன்று மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், அவ்வளவு சிறியது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிளந்து உப்பிட வேண்டும். அது இடது பக்கம் சாய்ந்திருந்தது.

சாப்பிட்டு முடித்த பிறகு, உங்கள் ஊரில் மீனை என்ன செய்வார்கள் என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன், ஆச்சியின் உப்பைப் பற்றியும், மாசிக் கருவாட்டைப் பற்றியும் சொன்னேன். அவித்து, புகையிட்டு, மரக்கட்டைபோல ஆகும்வரை உலர்த்திய சூரை என்றதும் அவர் உள்ளே போய், தான் சீவிப் பயன்படுத்தும் கட்சுவோபுஷியை எடுத்துவந்தார். அதுவும் அதே இனத்துச் சூரைதான், அதே வேலைதான். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். நீ கடையில் மாசியைத் தட்டிக் காட்டுவாயே, அந்தக் கணீர் சத்தம்!

அதனால்தான் கேட்கிறேன், நவம்பரில் வா. 14ஆம் தேதி இரவு ஏழு மணிக்கு இரண்டு இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், இந்த மாதம் 20க்குள் நான் உறுதி சொல்ல வேண்டும். கானாங்கெளுத்தி இனத்து மீன் அப்போது கொழுத்திருக்கும், அதையும் உப்பிட்டுத்தான் தருவார். நல்ல மாசியாக இரண்டு துண்டு கொண்டு வா, நீயே தட்டிப் பார்த்து எடுத்ததாக இருக்கட்டும். அத்தரைத் தயவு செய்து வீட்டிலேயே வைத்துவிட்டு வா, ஆறு பேர் உட்காரும் இடத்தில் உன் அத்தர் வாசனை மீனையும் சோற்றையும் மூடிவிடும். கடையின் பெயரை நான் இதில் எழுதவில்லை, கவனித்திருப்பாய். இந்தக் கடிதத்தைக் கோஷ்டிக்கு வாசித்துக் காட்டினாலும் சந்து இருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு வாசி.

விடுப்புக் கிடைக்குமா என்று தங்கச்சியிடம் நானே பேசட்டுமா? உடனே பதில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்