தலைக்காயத்துக்குப் பிந்தைய மனநலம்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மூன்றாண்டுகளுக்கு முன் விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பி உயிரோடிருக்க, 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமே காரணம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் யாரும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. அந்த நன்றியோடுதான் அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுதுகிறேன்.

வீடு திரும்பியபோது தந்த சீட்டில் தையல் பிரிக்கும் நாளும் வலிப்பு மாத்திரையின் அளவும் இருந்தன. மனம் பற்றி ஒரு வரியும் இல்லை. நான்காம் மாதத்தில், குரல் உயர்த்திப் பேசியறியாத தம்பி குழம்பில் உப்புக் குறைந்ததற்குத் தட்டை வீசினான். பிறகு நாள்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். அளவுகளை மறந்ததால் லேத் பட்டறை வேலையும் போயிற்று. உறவினர்கள் திமிர் என்றார்கள். அம்மா மந்திரிக்க அழைத்துப் போனார். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்டதால், அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நானும் திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆத்திரத்தை அடக்குவதிலும் ஒரு வேலையைத் தொடங்க வைப்பதிலும் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும், விபத்தின் உலுக்கலில் மண்டையோட்டின் கரடுமுரடான உட்புறத்தில் மோதி எளிதில் காயப்படுவதும் அதுவே என்பதையும், நுண்ணிய நரம்பிழைகள் அறுந்திருந்தால் சி.டி. ஸ்கேனில் தெரியாமலே போகலாம் என்பதையும், ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு மனநல மருத்துவர் விளக்கியபின்தான் அறிந்தோம். அமெரிக்காவின் சியாட்டிலில் தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 559 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்களிலும் பாதிப்பேருக்குக்கூட அதற்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

நான் கேட்பது புதிய திட்டம் அன்று. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். தலைக்காயத்துடன் வீடு திரும்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும், கோபம், சோர்வு, மறதி, தூக்கமின்மை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை காயத்தின் விளைவாக இருக்கலாம் என்று தமிழில் அச்சிட்டு, மூன்றாம் மாதத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளையும் இடத்தையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் குறித்துத் தர உத்தரவிட வேண்டுகிறேன். படிக்கத் தெரியாத தாயிடம் அதைச் செவிலியர் ஒருவர் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். என் அம்மாவுக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், மந்திரிக்கப் போன வழியிலேயே இருந்த அரசு மருத்துவமனைக்குள் அவரே அவனை அழைத்துச் சென்றிருப்பார்.

இப்படிக்கு,
தலைக்காயமுற்ற ஒருவனின் அக்கா