மங்கைக்கு: மோந்தாயூ ஊர் வம்பு

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் தேறிவருகிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொடாதே. பேத்தி வரலாறு எடுத்துப் படிக்கப் போகிறாள் என்பதில் எனக்கு உன்னைவிட அதிக மகிழ்ச்சி. ஆனால் அவள் பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இடைக்கால ஐரோப்பாவில் பாதிரியார் சொன்னதை ஊரே நம்பியிருக்கிறது, யோசிக்கத் தெரியாத ஜனங்கள்" என்று போகிற போக்கில் தீர்ப்பு எழுதிவிட்டாயே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. இந்த மழைக்காலம் முழுவதும் நான் அந்த ஜனங்களின் வம்பைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் மோந்தாயூ என்று ஓர் ஊர். 1300-களின் தொடக்கத்தில் அங்கே 200, 250 பேர் இருந்திருப்பார்கள். ஆடு மேய்த்தல், கொஞ்சம் தானியம், முட்டைக்கோஸ், டர்னிப். இந்தப் பக்கத்து மலை ஊர்களில் கதார் என்ற மதப் பிரிவு இரகசியமாக உயிரோடு இருந்தது. இந்த உலகத்தையும் உடம்பையும் படைத்தது கடவுள் அல்ல, பிசாசு என்பது அவர்கள் கொள்கை. 1317-ல் பாமியே நகரத்துக்குப் பிஷப்பாக வந்த ஜாக் ஃபூர்னியே அதை வேரோடு பிடுங்கத் தீர்மானித்தார். 1318 முதல் 1325 வரை ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து 578 முறை விசாரணை நடத்தினார். "நீ நம்பினாயா, இல்லையா" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறவர் அல்ல. யார் வீட்டு அடுப்பருகே பேசினீர்கள், யார் கூட இருந்தார்கள், அப்போது கையில் என்ன வேலை என்று துருவுவார். ஆக்சிதான் மொழியில் வந்த பதில்களை எழுத்தர்கள் லத்தீனில் எழுதி வைத்தார்கள். பின்னாளில் அவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானார். பதிவேடும் வத்திக்கான் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொண்டது.

அதில் பாதிரியார் சொன்னதை அப்படியே நம்பியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒர்னொலாக் ஊர் அதிகாரி கியோம் ஓஸ்தாஸைப் பார். இதுவரை செத்தவர்கள் எல்லாரும் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்றால், ஆளுக்கு ஓர் உடம்பளவு இடம் என்று வைத்தாலும், துலூஸ் நகரத்திலிருந்து மெரான்ஸ் கணவாய் வரை நீண்டாலும் போதாதே என்று கணக்குப் போட்டவர் அவர். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு அழுத ஒரு தாயிடம் இதே மனிதர்தான், "உனக்கு இன்னும் வயது இருக்கிறது, மறுபடி கருவுறுவாய், செத்த பிள்ளைகளின் ஆன்மாதான் அந்தக் கருக்களில் வந்து சேரும்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். பைபிளில் இல்லாத ஆறுதல்தான். பிஷப் விடுவாரா?

கிராசிட் லிசியே என்ற இளம்பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊர்ப் பாதிரியார் பியேர் கிளெர்க்கோடு அவளுக்கு உறவு இருந்தது. அது பாவமில்லையா என்று கேட்டதற்கு, இருவருக்கும் பிடித்திருந்தது, அதனால் பாவம் என்று தோன்றவில்லை என்று பிஷப்பின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். மனிதனுக்குப் பயன்படுவதையெல்லாம் கடவுள் படைத்தார், ஓநாயையும் ஈயையும் கொசுவையும் அவர் படைத்திருக்க மாட்டார் என்றாள். இந்த டிசம்பரில் எங்கள் தெருவில் இருந்து பார், கிராசிட் கட்சியில் நீயும் சேர்ந்துவிடுவாய்.

அந்தப் பாதிரியார் இருக்கிறாரே, அவர் தனி அத்தியாயம். ஊருக்குப் பூசை வைப்பவர், கதார்களுக்கு இரகசியத் துணைவர், விசாரணை மன்றத்துக்கு ஆள் காட்டிக்கொடுப்பவர், எல்லாம் ஒருவரே. 1308-ல் வயது வந்த ஊரார் எல்லாரையும் மொத்தமாகப் பிடித்துப் போனபோது, பகையாளிகளைத் தீர்த்துக்கொள்ள அதையே வசதியாக்கிக்கொண்டார். கோட்டைத் தலைவரின் விதவையான பியாத்ரிஸ் தெ பிளானிசோலுக்கும் அவர்தான் காதலர். அவள் அவர் தலையில் பேன் பார்ப்பாள், அவர் படைப்பைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் வியாக்கியானம் செய்வார். பேன் பார்ப்பது அங்கே சும்மா நடக்கிற காரியம் அல்ல. வெயிலில் கூரைமேல் உட்கார்ந்து மகள் தாய்க்குப் பார்ப்பாள், காதலி காதலனுக்குப் பார்ப்பாள். யார் யாருக்குப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே ஊரின் உறவு முறை புரிந்துவிடும். பக்கத்துக் கூரையில் இருப்பவளும் பேச்சில் சேர்ந்துகொள்வாள். மதத்துரோகி என்று யாரை எரித்தார்கள், எரியும்போது அவனுக்கு எப்படி வலிக்காமல் இருந்திருக்கும் என்பது வரை அங்கே அலசப்படும்.

1320-ல் பியாத்ரிஸைப் பிடித்தபோது அவள் மூட்டையில் பேரப்பிள்ளைகளின் தொப்புள்கொடிகள் இருந்தன, கூடவே சில சாம்பிராணித் துண்டுகள். சாம்பிராணி தலைவலிக்கு. தொப்புள்கொடி கையில் இருந்தால் வழக்கில் ஜெயிக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். பாவம், அந்த வழக்கில் அது உதவவில்லை. 1321-ல் சிறைக்குப் போனாள், மறு ஆண்டு, மதத்துரோகத் தண்டனையின் அடையாளமான மஞ்சள் சிலுவைகளை உடையில் தைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பாதிரியாரின் அப்பா போன்ஸ் கிளெர்க் இறந்தபோதும் இப்படித்தான். நெற்றியோர முடியையும் கைகால் நகங்களையும் வெட்டி வீட்டில் வைத்துக்கொண்டார்கள், வீட்டின் அதிர்ஷ்டம் பிணத்தோடு போய்விடக் கூடாது என்பதற்காக. கதார் கொள்கைப்படி அந்த உடம்பு பிசாசு செய்தது. ஆனாலும் நகத்தை விட மனமில்லை!

இனி ஒரு பல்லிக் கதை. இரண்டு நண்பர்கள் ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் தூங்கினான். அவன் வாயிலிருந்து ஒரு பல்லி வெளியே வந்து, ஓடைமேல் கிடந்த துரும்பு வழியாக அக்கரைக்குப் போய், அங்கே கிடந்த கழுதை மண்டையோட்டுக்குள் புகுந்து ஓடி விளையாடியது. விழித்திருந்தவன் குறும்பாகத் துரும்பை எடுத்துவிட்டான். பல்லி திரும்ப வழியில்லாமல் தவித்தது, தூங்கியவனை எவ்வளவு உலுக்கியும் எழவில்லை. துரும்பை மறுபடி வைத்ததும் பல்லி வாய்க்குள் போயிற்று, அவன் எழுந்தான். பலகைப் பாலம் கடந்து, பல அறைகள் கொண்ட அரண்மனைக்குப் போய்வந்ததாகக் கனவு கண்டேன் என்றான். ஆன்மா உடம்பை விட்டு வெளியே போய்வரும் என்பதற்கு மேய்ப்பர்கள் காட்டிய சான்று இது.

பாமியே பக்கத்தில் அர்னோ ஜெலி என்பவர் செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே சேதி கொண்டுபோவார். செத்தவர்கள் இரவில் சுத்தமான வீடுகளுக்கு வந்து குளிர்காய்வார்களாம், நல்ல ஒயின் இருந்தால் குடிப்பார்களாம். கையை வீசி நடக்காதீர்கள், தெரு நிறையச் செத்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், இடித்துத் தள்ளிவிடுவீர்கள் என்று எச்சரிப்பாராம்.

சிரித்துப் படிக்க முடியாத பக்கமும் உண்டு. ஆர்க் ஊரில் சிபில் என்றொருத்தி. ஒரு வயதுகூட நிரம்பாத அவள் மகள் சாகக் கிடந்தாள். கதார் துறவி வந்து கடைசிச் சடங்கைச் செய்துவிட்டு, இனிமேல் பால் கொடுக்கக் கூடாது, இப்படியே போனால் குழந்தை நேரே கடவுளிடம் போகும் என்றார். கணவனுக்குப் பரம திருப்தி. இருவரும் வெளியே போனதும் சிபில் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். கணவனின் கோபம் நெடுநாள் தணியவில்லை. குழந்தை இன்னும் ஓர் ஆண்டு இருந்து பிறகுதான் இறந்தது. பிஷப்புக்கும் துறவிக்கும் நடுவில் இந்தப் பெண் எந்தப் புத்தகத்தையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. யோசிக்கத் தெரியாதவள் என்று இவளையும் சொல்வாயா?

கடைசிக் கதார் துறவி பெலிபாஸ்ட் பிடிபட்டதும் இதில்தான் வருகிறது. ஸ்பெயின் பக்கம் ஒளிந்திருந்தவரை நம்பிக்கையாளனாக நடித்து வெளியே கூட்டிவந்தவன் அர்னோ சிக்ர். மதத்துரோகி என்று எரிக்கப்பட்ட தாயின் பறிபோன வீட்டைத் திரும்பப் பெறுவதற்காக இந்த வேலைக்கு வந்தவன். வழியில் மேக்பை பறவை குறுக்கே பறந்ததும் துறவி சகுனம் சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அதெல்லாம் கிழவிகள் பார்ப்பது, எழுந்து வாருங்கள் என்று தேற்றியவன் அவருடைய விசுவாசமான மேய்ப்பன் பியேர் மோரி. சகுனம்தான் சரியாக இருந்தது. 1321-ல் பெலிபாஸ்டை எரித்தார்கள்.

ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, மங்கை. இவ்வளவு வம்பும் நம் கைக்கு வந்தது அவர்கள் விரும்பிச் சொன்னதால் அல்ல. ஃபூர்னியே சித்திரவதையை அதிகம் நாடவில்லை என்கிறார்கள். ஆனால் சிறை பக்கத்திலேயே இருந்தது, அவர் விசாரணையில் 5 பேர் எரிக்கப்பட்டார்கள், அதில் கியோம் ஃபோர் மோந்தாயூக்காரர். பயத்தில் அவிழ்ந்த பேச்சை நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரசிக்கிறேன். அந்தப் பிஷப்பின் பொறுமைக்கு நான் நன்றி சொல்வதா, திட்டுவதா? திட்டத்தான் தோன்றுகிறது.

பதிவேட்டை வைத்து எழுதப்பட்ட புத்தகம் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு என் தம்பி உங்கள் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பேத்தி படிக்கட்டும், ஆனால் முதலில் நீ படி. ஓரங்களில் பென்சிலால் சண்டை போட்டிருக்கிறேன், கண்டுகொள்ளாதே. கிராசிட் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
கமலா