இரண்டாக வெட்டிய கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீர்மூழ்கிக் கப்பல்கள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ கப்பலை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் வருத்தம்.

அமெரிக்காவின் முதல் பாலிஸ்டிக் ஏவுகணை நீர்மூழ்கி அது. புதிதாக வடிவமைக்க நேரமில்லை. அமெரிக்காவின் கிராட்டன் நகரக் கப்பல் கட்டுமானத் தளத்தில் ‘ஸ்கார்பியன்’ என்ற தாக்குதல் நீர்மூழ்கி பாதியில் நின்றது. அதன் உடலை வெட்டி, நடுவில் சுமார் 130 அடி நீளப் பகுதியை நுழைத்தார்கள். அதில்தான் 16 போலாரிஸ் ஏவுகணைக் குழாய்கள், இரு வரிசையாக. 1959 டிசம்பர் 30 அன்று கப்பல் கடற்படையில் சேர்ந்தது. 1960 ஜூலை 20 அன்று நீருக்கடியிலிருந்து ஏவுகணையைச் செலுத்தியது. நீலம், தங்கம் என இரண்டு குழுக்கள் மாறி மாறிப் பணியாற்றியதால் கப்பலுக்கு ஓய்வே குறைவு.

சரி, சாதனைகளைச் சொல்கிறோம்; சோகத்தையும் சொல்ல வேண்டாமா? 1981 ஏப்ரல் 9 அன்று கிழக்குச் சீனக் கடலில் இதே கப்பல் மேலெழும்போது ‘நிஷோ மாரு’ என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பலில் மோதியது. சரக்குக் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது, இருவர் இறந்தார்கள். விபத்தை ஜப்பானுக்குத் தெரிவிக்கவே ஒரு நாளுக்கு மேலானது! அலைகளில் மிதந்து காத்திருந்த மற்ற 13 பேரை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

1985-ல் கப்பல் ஓய்வு பெற்றது. அதன் உடலுக்கு மேலே இருந்த கோபுரம் கிராட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அடுத்த கட்டுரையில் நிஷோ மாரு மாலுமிகளைப் பற்றியும் எழுதுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்