ஒத்தாசை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி வீடியோவில் பேசி வைத்தபிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை காதிலேயே நின்றுவிட்டது.

பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டு, "தாத்தா, கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று மூன்று தரம் கேட்டாள். 29 என்றேன். நாலு வயதுக்காரிக்கு 29-ம் ஒன்றுதான், 290-ம் ஒன்றுதான். அவளுக்குப் பின்னால் மருமகள் தரையில் உட்கார்ந்து, மடியில் சின்னவனைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் நோட்டை வைத்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். "டிசம்பர் வேலையெல்லாம் எப்படிடா சமாளிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அவ பாத்துக்குவாப்பா. நான் ஒத்தாசை பண்ணிடுவேன்" என்றாய். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதே வார்த்தையை, கிட்டத்தட்ட அதே சிரிப்போடு, நானும் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று தாண்டிப் போய்விடுவாய்.

நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் என் குடில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கும் அதில் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது? மலை, ஆறு, இடையர்கள், கடைசியில் பின்னாலிருந்து ஒரு விளக்கு. வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். புனிதர் அசிசி பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார் என்று உனக்கும் உன் தங்கச்சிக்கும் வருஷா வருஷம் கதை சொல்வேன். ஒரு தடவை உன் அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டே, "விடிஞ்சதும் அந்தச் சாணியை யாரு அள்ளினாங்கன்னு எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். நான் அதை நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவள் ஜோக் சொல்லவில்லை.

உனக்கு ஐந்து வயது, தங்கச்சிக்கு ஒன்றரை. அந்த வருஷம் டிசம்பர் 21-ம் தேதி காலையில் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. கடுமையான காய்ச்சல். பத்து நாளாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அவள் உடம்பைப் பற்றிக் கவலை இருந்ததே தவிர, பண்டிகையைப் பற்றிக் கொஞ்சமும் இல்லை. என்ன பெரிய வேலை? குடில் கட்டியாயிற்று, ஸ்டார் தொங்கவிட்டாயிற்று. துணிமணி எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

கடையில் உனக்கு ஷூ கேட்டேன். "என்ன சைஸ் சார்?" என்றார் கடைக்காரர். முழித்தேன். கையை விரித்து "இவ்வளவு இருப்பான்" என்று காட்டினேன். ஐந்து வருஷமாகத் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளையின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மறைக்கல்வி நாடகத்தில் நீ ஆட்டுக்குட்டி, அதற்கு வெள்ளைத் துணியில் காது தைக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளைக்குப் போன வருஷம் என்ன கொடுத்தோம், அதையே திரும்பக் கொடுத்துவிடக் கூடாது. தங்கச்சிக்கு மத்தியானம் ஒரு மணிக்குத் தூங்கியாக வேண்டும், தவறினால் சாயங்காலம் வீடு வீடாக இருக்காது. உனக்குக் கழுத்தில் உறுத்துகிற சட்டை ஆகாது. இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அம்மா படுத்தபடியே நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

23-ம் தேதி சாயங்காலம் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. பிரித்தால் பாடுமே, அந்த மாதிரி வாழ்த்து அட்டை ஒன்று வந்திருந்தது. தங்கச்சி அதைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் குடிலுக்குப் பின்னால் குனிந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து அம்மா, இருந்த கொஞ்ச நஞ்சக் குரலில், "பாட்டு நின்னுடுச்சு, பாப்பா என்ன பண்றான்னு பாருங்க" என்றாள். அப்போதுதான் திரும்பினேன். அட்டை நடுவில் கிழிந்து கிடந்தது. பிள்ளையின் கீழுதட்டில், எச்சிலோடு ஒட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பாட்டரி பளபளத்தது. விரலால் தட்டிவிட்டேன். "காசு மாதிரி இருக்கு" என்று நீ எடுத்துப் பார்த்தாய். ஐந்தடி தூரத்தில் நின்ற எனக்குத் தெரியாதது, காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தவளுக்குக் காதில் தெரிந்திருக்கிறது.

அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்று எனக்குத் தெரியாது. பின்னால் ஒரு டாக்டர்தான் சொன்னார். அந்த வட்டப் பாட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். பிள்ளை முழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பார்ப்போம் என்று காத்திருக்கவும் கூடாது. நல்ல பொம்மைகளில் பாட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கும். அலங்கார விளக்கு, மினுக்கும் மெழுகுவர்த்தி, பாட்டு அட்டை, சின்ன ரிமோட், இதிலெல்லாம் பல நேரம் இருக்காது. உன் வீட்டில் சின்னவனுக்கு எட்டு மாதம், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். இந்த வேலையை நீ எடுத்துக்கொள். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, மூடி லேசாகத் திறக்கிறதென்றால் அது வீட்டுக்குள் வேண்டாம். மரத்தையும் சுவரோடு சேர்த்துக் கட்டு. கண்ணாடி உருண்டைகளை மேல் கிளையில் மாட்டு. கீழ்க் கிளை அவனுக்குத்தான், துணியிலும் மரத்திலும் செய்ததாகத் தொங்கவிடு.

24-ம் தேதி கதை இன்னும் மோசம்.

சாயங்காலம் உனக்குப் புதுச் சட்டை போடப் போனேன். போடமாட்டேன் என்று ஓடினாய். பிடித்தேன், அழுதாய். கடைசியில் அலமாரிக் கைப்பிடியில் தொங்கிய ஒரு கம்பளி நூலைக் காட்டி, "இன்னும் நாலு நாள் இருக்குப்பா, ஏன் இப்பவே புதுச் சட்டை?" என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாதான் சொன்னாள். டிசம்பர் பிறந்ததும் நூலில் 24 முடிச்சு போட்டு, தினம் ராத்திரி தூங்கப் போகுமுன் நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிச்சு அவிழ்ப்பீர்களாம். அவள் படுத்தபிறகு மூன்று ராத்திரி அதை யாரும் தொடவில்லை. உன் கணக்குப்படி கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை. நீ சரியாகத்தான் சொன்னாய், நான்தான் அடித்துப் பிடித்துச் சட்டை மாட்டப் பார்த்தேன். நூலை எடுத்து வரச்சொல்லி, அம்மா மூன்று முடிச்சைத் தானே அவிழ்த்தாள். "நான் தூங்கிட்டேன்ல, நூலும் தூங்கிடுச்சு" என்றாள். நாலாவதை நீ அவிழ்த்தாய். அப்புறம் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் சட்டையில் கை நுழைத்தாய்.

சின்னப் பிள்ளைக்கு நாள் என்பது கையில் பிடிக்கிற பொருளாக இருக்க வேண்டும். 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியில் கதவில் 24 சாக்பீஸ் கோடு போட்டுத் தினம் ஒன்றை அழிக்கவிட்டார்களாம், இப்போது கடையில் விற்கிற திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) நாள்காட்டிக்கு முன்னோடிகளில் அதுவும் ஒன்று. உன் அம்மா இதெல்லாம் படித்துச் செய்யவில்லை. "எத்தனை நாள்" என்ற நச்சரிப்பு தாங்காமல் அவளாகக் கண்டுபிடித்தது.

பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு உங்களை நடுச்சாமப் பூசைக்குக் கூட்டிப் போனேன். மத்தியானம் தங்கச்சியைத் தூங்கவைக்கவில்லை. தூக்கம் பாக்கி இருந்தால் கோயிலில் தானாகத் தூங்கிவிடுவாள், நிம்மதியாகப் பூசை பார்க்கலாம் என்று என் அறிவு! முதல் வாசகத்துக்கு முன்னாலேயே, பாட்டுக்குழு எழுந்தவுடன், அவள் வீறிட ஆரம்பித்தாள். உனக்குப் புது ஷூ கடித்தது. ஒரு கையில் அவள், இன்னொரு கையில் உன் ஷூ, நீ வெறுங்காலோடு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு. மூன்று பேரும் பின்வாசல் படிக்கு வந்துவிட்டோம்.

அங்கே ஏற்கனவே ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தி தோளிலும் ஒரு பிள்ளை. ஆள்மாற்றி ஆள் அசைந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து எனக்குப் படியில் இடம் கொடுத்து, "அக்கா வரலையா? வழக்கமா இந்தத் தூணோரம்தான் நிப்பாங்க" என்றாள். சரியாக அந்த நேரம் உள்ளே "உன்னதங்களிலே" என்ற புகழ்ப் பாட்டு தொடங்கி, எல்லா மணியும் ஒன்றாக அடித்தது. குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும் நேரம். வருஷம் முழுக்க நான் காத்திருக்கிற நிமிஷம் அது. சுவருக்கு வெளியே அது எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நீ பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உன் அம்மா அதை அந்தத் தூணோரம் நின்றுதான் கேட்டிருக்கிறாள். நான் முன்வரிசையில், கையைக் கூப்பிக்கொண்டு, அவள் பின்னால் எங்கேயோ இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். திருந்தவில்லை. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் வந்தவர் மடியில், அலறுகிற உன் தங்கச்சியைப் பிடித்து உட்காரவைத்துப் போட்டோ எடுத்தேன். அந்த வயதில் முகம் தெரியாத ஆளைக் கண்டு, அதுவும் தாடிக்குள் மறைந்த முகத்தைக் கண்டு, பிள்ளை பயப்படத்தானே செய்யும்? இன்றைக்கும் ஆல்பத்தில் அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். வந்த பரிசில் பாதியைப் பரணில் ஒளித்துவைத்து மாதம் ஒன்றாக எடுப்பாளே, அதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்தேன். அமெரிக்காவில் டோலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 16 பொம்மை கொடுத்தபோது தாவித் தாவி விளையாடிய பிள்ளைகள், 4 மட்டும் கொடுத்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம் லயித்து விளையாடினார்களாம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்குப் பல்கலைக்கழகம் வேற வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஒத்தாசை என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒத்தாசை பண்ணுகிறேன் என்றால் வேலை அவளுடையது, நான் வெளியாள் என்று அர்த்தம். "என்ன வாங்கணும், சொல்லு" என்று நீ கேட்கிறாயே, அந்தக் கேள்விக்குப் பதில் தயார்செய்வதே ஒரு வேலை. அதைத்தான் அவள் நேற்று முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டை முழுசாக எடுத்துக்கொள். நம் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு வாழ்த்து, பரிசு எல்லாம் உன் பொறுப்பு, அவர்கள் பெயரைக்கூட அவள் உனக்கு ஞாபகப்படுத்தக் கூடாது. பிள்ளைகளின் தூக்கமும் உன்னுடையது. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது, எப்போது கிளம்புவது என்பதைச் சின்னவனின் தூக்கத்தை வைத்து நீ தீர்மானம் பண்ணு. யாராவது முகத்தைச் சுளித்தால் உன் முகத்தைப் பார்த்துச் சுளிக்கட்டும். தொடக்கத்தில் தப்பாகத்தான் செய்வாய். அவள் திருத்த வந்தால் கோபித்துக்கொண்டு "அப்ப நீயே பண்ணு" என்று சொல்லாதே. நான் சொல்லியிருக்கிறேன், அதனால் தெரியும்.

குடில் கட்டுகிறவன் என்பதால் எனக்கு இயேசுவை வளர்த்த சூசையப்பர்மேல் தனிப் பிரியம். நாலு நற்செய்தியிலும் தேடிப் பார், அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இருக்காது. ஆனால் கனவில் வானதூதர் சொன்னதும் ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போயிருக்கிறார். வழிக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று மரியாவை எழுப்பிக் கேட்டாரா என்று மத்தேயு எழுதவில்லை. கேட்டிருக்கமாட்டார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தோடு ஒரு சிவப்புக் கம்பளி நூல் வைத்திருக்கிறேன். 24 முடிச்சு, நானே போட்டது. போட்டு முடித்து அம்மாவிடம் காட்டினேன். இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இறுக்கினா நாலு வயசுப் பிள்ளை விரலுக்கு எப்படி வரும்?" என்றாள். எட்டு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன். சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டு. ராத்திரி பேத்தியைத் தூங்கவைக்கப் போகும்போது நீயே உட்கார்ந்து அவிழ்க்கவிடு. ஒரு நாள் நீ ஊரில் இல்லையென்றால் போனிலாவது இரு.

24-ம் தேதி பூசைக்கு மருமகளை முன்னால் உட்காரச் சொல். சின்னவன் அழுதால் நீ வெளியே தூக்கிக்கொண்டு போ. மணி வெளியிலும் நன்றாகவே கேட்கும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பேத்திக்கு இப்போது என்ன ஷூ சைஸ்? பதிலில் எழுது. மருமகளிடம் கேட்காமல்.