இசட்எக்ஸ்81க்கு நீயே ஒரு ரேம் பேக் செய்

அன்புள்ள முரளி,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், என் முட்டிவலியைத் தவிர. அதை விடு. லண்டனில் பழைய சாமான் சந்தையில் கிடைத்த இசட்எக்ஸ்81 ஹோம் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

1981-ல் சின்க்ளேர் அதை வெறும் 1கே ரேமோடு விற்றார்கள். அதில் 125 பைட் சிஸ்டம் வேரியபிள்களுக்கே போய்விடும், திரையில் தெரியும் எழுத்துகளுக்கும் அதிலிருந்துதான் இடம் வேண்டும். அதற்காக, கூடுதல் நினைவகம் தரப் பின்னால் செருகுகிற பழைய 16கே ரேம் பேக்கைத் தேடி வாங்காதே. உள்ளே எட்டு 4116 ரேம் சிப், அவற்றுக்கு +5, -5, +12 என்று மூன்று வோல்டேஜ், போதாக்குறைக்குப் பேக் லேசாக ஆடினாலே புரோகிராம் மொத்தமும் போய்விடும்.

நீயே செய்ய ஒரு 62256 ரேம் சிப், ஒரு 74ஹெச்சிடி00 லாஜிக் சிப் போதும். அந்த 00-ல் நாலு நேண்ட் கேட் இருக்கிறதல்லவா, முதல் கேட்டில் எம்ரெக்கை, அதாவது பிராசஸர் நினைவகத்தைக் கேட்கும் சிக்னலை, தலைகீழாகத் திருப்பு, இரண்டாவதில் அதையும் ஏ14 என்ற அட்ரஸ் லைனையும் சேர்த்தால் ரேம் சிப்பை எழுப்பும் சிப் செலக்ட் சிக்னல் வந்துவிடும். ஏ15-ஐ மட்டும் தொடாதே! இந்த மெஷின் திரையை வரைவதற்கு, திரையில் தெரிய வேண்டியதை வைத்திருக்கும் டிஸ்ப்ளே ஃபைலையே 32கே-க்கு மேலே உள்ள முகவரியில் புரோகிராம் மாதிரி ஓடவிடுகிறது, அதனால் அதே ரேம் அங்கேயும் பதில் சொல்ல வேண்டும். நாம் லேபில் பழகிய 8085 போர்டில் எல்லா அட்ரஸ் லைனையும் டீகோட் செய்வதுதான் ஒழுங்கு, இங்கே அது தப்பு. மிச்சம் இரண்டு கேட்டையும் வீணாக்காதே, ஆர்டி (படிக்கும் சிக்னல்) அல்லது ரெஃப்ரெஷ் (புதுப்பிக்கும் சிக்னல்) எது கீழே இறங்கினாலும் சிப்பின் அவுட்புட் திறக்கிற மாதிரி வை, பின்னால் ஹை-ரெஸ் கிராஃபிக்ஸ் முயன்று பார்க்க அது வேண்டும்.

அப்புறம், சிப்பின் ஏ14 காலைக் கிரவுண்டில் கட்டு, மெஷினின் பின்பக்க எட்ஜ் கனெக்டரில் ரேம்சிஎஸ்ஸை (உள் ரேமின் சிப் செலக்ட்) 5 வோல்ட்டோடு சேர்த்தால் உள்ளே இருக்கும் 1கே ஒதுங்கிக்கொள்ளும். அந்த 5 வோல்ட்டுக்குப் பக்கத்துக் காலே 9 வோல்ட், சால்டர் வைத்ததும் மல்டிமீட்டரால் பார்த்துவிட்டுச் செருகு. ரேம் எங்கே முடிகிறது என்று பார்க்க, பிரிண்ட் பீக் 16388 + 256 * பீக் 16389 என்று அடித்து 32768 வந்தால் சரி, 17408 வந்தால் பழைய 1கே மட்டும்தான் தெரிகிறது, ரேம்சிஎஸ்ஸிலிருந்து தேட ஆரம்பி.

23 கால் எட்ஜ் கனெக்டர் அங்கே கிடைத்தால் இரண்டாக வாங்கு, ஒன்று எனக்கு. தையில் வருகிறாயா?

அன்புடன்,
சேகர்