17 நிமிடம் குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான குறும்படக் கட்டுரை, பதின்பருவத்தில் தம் மனம் சக ஆணிடமே போவதை உணரும் பையன்களைப் பற்றிய வெளிநாட்டுக் குறும்படங்களை, ‘முழுநீளப் படத்துக்கான ஒத்திகைகள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. திரைப்படச் சங்கமொன்றில் பல ஆண்டுகளாக நாற்காலி போட்டும் திரை கட்டியும் வருகிற எனக்கு அந்த வரியோடு உடன்பாடில்லை.

கட்டுரையாளர் சான்று காட்டிய பிரேசில் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். டேனியல் ரிபெய்ரோ 2010இல் இயக்கிய அந்தப் படத்தின் பெயரை, ‘தனியாகத் திரும்பிப்போக எனக்கு விருப்பமில்லை’ என்று தமிழில் சொல்லலாம். ஓடும் நேரம் 17 நிமிடம். பார்வையற்ற மாணவன் லியோனார்டோ, பள்ளி விட்டதும் அவனை வீடுவரை கொண்டுபோய் விடும் தோழி ஜியோவானா, வகுப்பில் புதிதாகச் சேரும் காப்ரியேல் ஆகிய மூவரை விட்டுக் கதை விலகுவதில்லை. காப்ரியேல் ஒருநாள் தன் ஸ்வெட்டரை லியோனார்டோவின் அறையில் மறந்து வைத்துவிட்டுப் போகிறான். முகத்தைப் பார்க்க இயலாதவனுக்குத் தொடவும் முகரவும் கிடைத்த காப்ரியேல் அந்த ஆடைதான். பிறகு ஒருநாள் அறைக்குள் காலடியோசை கேட்க, வந்தவள் ஜியோவானா என்றெண்ணி லியோனார்டோ பேசுகிறான். வந்தவனோ வாய் திறக்காமல் முத்தமிட்டுவிட்டுப் போய்விடுகிறான். லியோனார்டோ எழுந்து ஸ்வெட்டரைத் தேடுகிறான். அது அங்கே இல்லை. வந்தது யார் என்பது அவனுக்கு விளங்குவதும் நமக்கு விளங்குவதும் அந்த இல்லாத ஸ்வெட்டரால்தான்.

அதே மூன்று நடிகர்களைக் கொண்டு ரிபெய்ரோ 2014இல் இதனை முழுநீளப் படமாக்கினார்; பெர்லின் திரைப்பட விழாவில், தன்பாலீர்ப்பு பற்றிய படங்களுக்குத் தரப்படும் டெடி விருது அதற்குக் கிடைத்தது. தலைப்பும் ‘இன்று நான் தனியாகத் திரும்பிப்போக விரும்புகிறேன்’ என்று தலைகீழானது. மகனைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் பெற்றோர், வெளிநாட்டில் படிக்கும் ஆசை, வகுப்பறைக் கேலி எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்வெட்டர் காணாமல் போன அந்த ஒரு கணத்தின் கனம் அங்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் கரைந்துபோனதாகவே எனக்குப் பட்டது. தன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பையன் தனக்குத்தானே ஒப்புக்கொள்வது ஒரு நொடியில் நடந்துவிடுகிற காரியம். அதைச் சொல்வதற்கு 17 நிமிடம் குறைவல்ல, அதுதான் அளவு.

சிறிதாக இருப்பதால் இத்தகைய படம் ஒரு பாடவேளைக்குள்ளும் அடங்கிவிடுகிறது. அந்தக் குறும்படம் பள்ளிகளில் திரையிடும் திட்டமொன்றில் இடம்பெற்றிருந்தபோது, 2011இல் பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் மதத் தலைவர்கள் எதிர்ப்புக் கிளப்ப, அங்கே அத்திட்டமே நிறுத்தப்பட்டது. தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பைக் களைய மத்திய அரசு தயாரித்துவந்த பாடப்பொருள்களோடு இந்தப் படத்தை அவர்கள் குழப்பிக்கொண்டார்கள். அந்தப் பாடப்பொருள்களையும் அதே ஆண்டு அதிபர் டில்மா ரூசெஃப் நிறுத்திவைத்தார். வெறும் ஒத்திகைக்கு யாரும் இவ்வளவு அஞ்ச மாட்டார்கள்.

அமெரிக்காவின் ‘டிரெவர்’ படத்தையும் கட்டுரை தொடாமல் விட்டிருக்கிறது. பெகி ரைஸ்கி இயக்கிய இக்குறும்படம் 1995இல் ஆஸ்கர் விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. பாடகி டயானா ராஸ் மீது பித்துக்கொண்ட 13 வயதுப் பையன், வகுப்புத் தோழன்மேல் கொண்ட பிரியம் வெளியே தெரிந்து ஊரே முகம் திருப்பிக்கொண்டதும் உயிரை விடத் துணிகிறான், பிழைத்துக்கொள்கிறான். 1998இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப ஏற்பாடானபோது, பார்க்கும் பையன்களில் அவனைப் போல் ஒருவன் இருந்தால் யாரை அழைப்பான் என்ற கேள்வி எழுந்தது. இத்தகைய இளையோருக்கென்று நாடு தழுவிய உதவி எண் அப்போது அங்கே கிடையாது. எனவே படத்தை உருவாக்கியவர்களே ஒன்றைத் தொடங்கினார்கள். படம் ஒளிபரப்பான இரவில் தொடங்கிய அச்சேவை இன்றும் இயங்குகிறது.

ஒரு சிறு குறை. கட்டுரை நெடுகிலும் ‘ஓரினச்சேர்க்கை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். ஸ்வெட்டரைத் தேடிக் கை நீட்டும் சிறுவனிடம் எந்தச் சேர்க்கையைக் கண்டீர்கள்? சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோரைக் குறிக்கும் கண்ணியமான சொற்களின் பட்டியலொன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. அதில் ஒரு படி உங்கள் மேசையில் இருப்பது நல்லது.

எங்கள் சங்கத்தில் பிரேசில் படத்தைத் திரையிட்ட மாலை முப்பது பேர்கூட வரவில்லை. விளக்கைப் போட்டதும் முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “ஸ்வெட்டரை அந்தப் பையன்தானே எடுத்துட்டுப் போனான்?” என்று கேட்டார். “ஆமாங்க ஐயா” என்றேன். “அப்போ சரி” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இப்படிக்கு,
திரைப்படச் சங்க உறுப்பினர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.