‘விளக்கு’ பற்றி உரைநூல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, ‘விளங்கு’ என்பதைப் பிறவினையாக்கி வாக்கியத்தில் அமைக்கச் சொன்ன வினாவுக்கு, ‘பாட்டி பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கினாள்’ என்று எழுதியிருந்தாள். ‘விளக்கினாள்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘தேய்த்தாள்’ என்று திருத்தி, மதிப்பெண் தராமல் விட்டிருந்தார்கள். ஆசிரியையிடம் கேட்டபோது தங்கள் உரைநூலின் சொற்பொருள் பக்கத்தைக் காட்டினார்: விளங்கு – புரி, விளக்கு – தெளிவாகச் சொல். அவரைக் குறை சொல்வதற்கில்லை; கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர் கையிலிருக்கும் நூலைத்தான் நம்புவார்.

விளங்குதல் என்றால் ஒளிர்தல் என்பது தாங்கள் அறியாததன்று. துலங்கு, துலக்கு என்பவற்றைப் போலவே, தானே ஒளி பெறுவது விளங்குதல், ஒளி பெறச் செய்வது விளக்குதல். களிம்பு நீங்கிய குடமும் விளங்குகிறது, ஐயம் நீங்கிய பொருளும் விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் ‘விளங்குதோ?’ என்று கேட்பவரும், மதுரையில் ‘பல் விளக்கியாச்சா?’ என்று கேட்பவரும் ஒரே வேரிலிருந்துதான் பேசுகிறார்கள். ‘குடிப்பிறந்தார் கண்விளங்கும் குற்றம்’ என்கிறது 957ஆம் குறள். நிலவின் மறுவைப் போல, உயர்குடியில் பிறந்தவரின் குற்றம் பளிச்சென்று தெரியுமாம். தங்கள் உரைநூலை நம்பும் மாணவர் அந்தக் குற்றம் ‘புரியும்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

எனவே, விளங்குதலுக்கு ஒளிர்தல், விளக்குதலுக்குத் துலக்குதல் என்னும் பொருள்களையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

போன மதிப்பெண் போகட்டும். அன்று மாலை குழந்தை அடுக்களைக்குப் போய், ‘பாட்டி, நீங்க சொல்றது தப்புத் தமிழாம்’ என்றாள். கையில் புளியோடு நின்றவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், ஒரு வினாவுக்கு ஒரே விடை என்று அச்சடித்து விற்பது வசதியாகத்தான் இருக்கும். அதற்கு விலையாக, வீட்டில் புழங்கும் தமிழ் பிழையென்று பிள்ளைகள் நம்பத் தொடங்குகிறார்கள். இப்படியே போனால் விளக்குமாறு என்பதற்கும் ‘தெளிவாகச் சொல்லும்படி’ என்ற ஒரே பொருள்தான் மிஞ்சும். வாசல் கூட்டுகிறவர்கள் வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

சொல் கடுத்திருந்தால் பொறுத்தருள்க. அடுத்த பதிப்பில் மேற்சொன்ன இரு பொருள்களையும் சேர்க்குமாறும், அதுவரை தங்கள் நூலை வைத்துத் தாள் திருத்தும் பள்ளிகளுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்புமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா